நடத்தைப் பருமன்

மேனி எண் என்பது, ஒரு குழந்தை பிற்காலத்தில் எந்த அளவுக்குப் பருமனாகக்கூடும் என்பதை அது பள்ளியில் காலடி வைக்கும் முன்பே கூறிவிடும் எண்ணாகும். மனிதரின் மரபுச் சுருளில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்கள் பல இலட்சம் உள்ளன. அவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று ஒருவரைப் பருக்கவோ இளைக்கவோ வைப்பதில்லை. ஒவ்வொன்றின் கனமும் ஓர் உப்புக்கல்லின் கனமே. எனினும் உப்புக்கற்களையும் ஒன்றாகக் குவித்தால் மூட்டை கனக்கும் அல்லவா? அவ்வாறு குவித்து, நிறுத்து, ஒன்று முதல் நூறு வரையிலான அளவுகோலில் பதித்ததே மேனி எண். எழுபதும் அதற்கு மேலும் பெற்றவர்கள் காப்பு மாணவர் எனவும், ஏனையோர் இயல்பு மாணவர் எனவும் வகுக்கப்பட்டனர். காப்பு மாணவருக்குத் தனி உணவு, தனி விளையாட்டுத் திடல், தனி மருத்துவர், தேவைப்படின் வாரந்தோறும் எடை குறைக்கும் ஓர் ஊசி ஆகிய யாவும் அரசின் செலவில் கிடைத்தன. இயல்பு மாணவருக்கு வழக்கமான சத்துணவு கிடைத்தது.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் வகையினரும் இருந்தனர். எண் குறைவாக இருந்தும் உடல் பருத்த குழந்தைகள் அவர்கள். இரத்தம் குற்றமற்றது எனில் குற்றம் வேறெங்கோ இருந்தாகவேண்டும் என்பது தருக்கம். ஆகவே அக்குழந்தைகளின் பெயருக்கு எதிரே ‘நடத்தைப் பருமன்’ என்று குறிக்கப்பட்டது.

அச்சொல்லை ஆக்கிய குழுவில் ஜீவிதாவும் ஒருத்தி. மதுரை ஒத்தக்கடையை அடுத்திருந்த முன்கணிப்பு நிறுவனத்தில் அளவுகோல் பிரிவின் தலைமைப் பொறுப்பு அவளுடையது. எந்த உப்புக்கல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை நிர்ணயித்தவள் அவளே. ஆனால் ஒரு சொல்லை ஆக்குகிறவர்கள், அது யார் தலையில் போய் விழும் என்பதை முன்கூட்டி அறிவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பள்ளியின் உடல்நல அறையில், அது அவளுடைய மகளின் தலையிலேயே விழுந்தது.

“உக்காருங்கம்மா,” என்றார் உடல்நல ஆசிரியர் ஞானதுரை. எதிரில் இருப்பவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. “மகிழினி எண்ணு இருபத்திரண்டு. தங்கமான எண்ணு. எம்பொண்ணுக்கு அறுபத்தாறு. காப்பும் கிடைக்கல, நிம்மதியும் கிடைக்கல. ஆனா இவ எடையப் பாத்தீங்களா? எட்டாங் கிளாசுலயே முதல் ஆளு. படிப்புல இல்லம்மா, தராசுல.”

“வீட்ல அளந்துதான் சார் சாப்பாடு போடுறேன்.”

“எல்லா அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. இருபத்திரண்டு எண்ணுக்கு இந்த எடை எந்த வழியா வரும்? வாய் வழியாத்தான் வரும்.” அவர் சிரித்தார். “கணக்கு பொய் சொல்லாதும்மா. புள்ளைங்கதான் சொல்லும்.”

ஜீவிதாவுக்குச் சுருக்கென்றது. ஆயினும் மறுக்க இயலவில்லை. இதே கருத்தை இதைவிட நல்ல தமிழில் அவள் எத்தனையோ கருத்தரங்குகளில் கூறியிருக்கிறாள், கைதட்டலும் பெற்றிருக்கிறாள். மகள் ‘நாவடக்க வகுப்பு’க்கு வருவதற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டு எழுந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் மகிழினி தூணோடு தூணாக ஒட்டி நின்றாள். அவளைவிட ஒரு சுற்றுப் பெருத்த மேல்வகுப்புப் பையன் ஒருவன், கையில் காப்பு மாணவருக்குரிய பச்சைப் பட்டை பளபளக்க, நண்பர்களோடு அவ்வழியே வந்தான்.

“ஏ இருபத்திரண்டு! அம்மாவையே வர வச்சுட்டியா? காத்தக் குடிச்சாக்கூட உனக்குச் சதை வைக்குதாமே!”

“உன்னையவிட நான் எடை கம்மிதான்டா,” என்றாள் மகிழினி.

“எனக்கு இருக்கிறது வியாதி. உனக்கு இருக்கிறது கொழுப்பு!”

கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். அவன் தேர்த்தட்டில் நிற்பவனைப் போல நிமிர்ந்து நடந்துபோனான். பருத்த இரண்டு உடல்களில் ஒன்றைப் பரிதாபத்துக்கும் மற்றொன்றைப் பரிகாசத்துக்கும் உரியதாக்க ஓர் எண்ணால் இயலும் என்பதை ஜீவிதா அன்றுதான் கண்ணால் பார்த்தாள். பார்த்தும், அவள் சந்தேகித்தது எண்ணை அன்று, மகளை.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள்: “மகி, அம்மா அடிக்க மாட்டேன். உண்மையைச் சொல்லு. எங்க வாங்கித் திங்குற?”

“எங்கயும் இல்லம்மா.”

“கேன்டீன்லயா? இல்ல யாராச்சும் பிள்ளைங்க குடுக்குறாங்களா?”

“எனக்கு யாரும்மா குடுப்பா? பக்கத்துலயே உக்கார மாட்டேங்குறாய்ங்க.”

அந்தப் பதில் ஒரு தாய்க்குப் போதுமானதாக இருந்திருக்கவேண்டும். ஜீவிதாவுக்குப் போதவில்லை. அதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் ஊறல் தொட்டிகளுக்கிடையே வேலை செய்த தாய் தந்தையருக்குப் பிறந்து, ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனியிலிருந்து முதன்முதலாக மேற்படிப்புக்கு வந்தவள் அவள். பள்ளியிலும் விடுதியிலும் வாடகை வீட்டு வாசலிலும் மனிதர்கள் அவளிடம், “எந்த ஊரு? எந்தத் தெரு?” என்று கேட்டிருக்கிறார்கள். தெருவைச் சொன்னதும் முகங்கள் மாறியதைக் கண்டிருக்கிறாள். எண்கள் மட்டுமே அவளிடம் அக்கேள்வியைக் கேட்கவில்லை. ஆகவே மனிதரையும் எண்ணையும் எதிரெதிரே நிறுத்தினால் அவள் எண்ணின் பக்கமே நிற்பாள்.

மாலையில் கணவன் அருள்செல்வன் பணிமனையிலிருந்து வந்தான். மின்பேருந்துகளின் மின்கலம் மாற்றும் பிரிவில் அவனுக்கு வேலை. ஜீவிதாவின் தாய்மாமன் மகன். சிறுவயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன். அவன் கைகால் கழுவுமுன்பே விசாரணை தொடங்கியது.

“மச்சான், நீங்க புள்ளைக்கு வெளிய எதுவும் வாங்கிக் குடுக்குறீங்களா?”

“போன மாசம் ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுத்தேன். அதுக்குக் கேஸ் போடப்போறியா?”

“விளையாடாதீங்க. அளந்து போடுறதுக்கும் அவ எடைக்கும் ஒத்து வரல. எங்கயோ ஓட்டை இருக்கு.”

“ஓட்டை உன் கணக்குல இருக்கும்.”

“நாலு இலட்சம் பேரை நிறுத்துப் பாத்துப் போட்ட கணக்கு மச்சான் அது!”

“நாலு இலட்சம் பேரை நம்புவ. பெத்த புள்ள முகத்தப் பாத்து ஒரு வார்த்தை நம்ப மாட்ட.”

“முகத்த வச்சு எதையும் நிரூபிக்க முடியாது.”

“அப்படியா? அப்ப என்னயக் கட்டிக்கிட்டது எந்த நிரூபணத்துலடி?” என்று கேட்டுவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்தது. பூட்டிய சத்தம் கேட்டு மகிழினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று முதல் அவள் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று ஜீவிதா கருதினாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே குப்பைக் கூடைக்குப் போனதையும், வீட்டில் உண்டதைக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் வாந்தி எடுத்ததையும் யாரும் அறியவில்லை. அடுத்த வாரம் நாவடக்க வகுப்பினருக்கு விதிக்கப்பட்ட ஓட்டத்தின்போது, திடலின் இரண்டாம் சுற்றில் அவள் சுருண்டு விழுந்தாள்.

பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் மருத்துவர் ஷாஹிதா சற்றே சலித்த குரலில் பேசினார். சலிப்பு நோயாளி மீது அன்று என்பது பிறகே புரிந்தது.

“சர்க்கரை எகிறியிருக்கு மேடம். ஆனா வயித்துல ஒண்ணுமே இல்ல. பல நாளா இந்தப் பொண்ணு சாப்பிடலை. சாப்பிடாமயும் எடை குறையல, பாத்தீங்களா? இது வாய் பண்ற வேலை இல்ல. உடம்பு பண்ற வேலை.”

“அதுக்கு அந்த வார ஊசி…”

“போட்டா சரியாயிரும். ஆனா எண்ணு எழுபதுக்குக் கீழ இருந்தா எங்க கம்ப்யூட்டர் மருந்துச் சீட்டையே வாங்காது. கடையில விக்கக்கூடாதுன்னு சட்டம். அழகுக்குப் போட்டுக்கிட்டாங்கன்னு கொண்டுவந்த சட்டம், நோய்க்கும் சேத்து பூட்டிருச்சு.” அவர் கையை விரித்தார். “இப்போதைக்கு இன்சுலின் வச்சு ஓட்டுறேன். எத்தனை நாளைக்கு ஓடும்னு கேக்காதீங்க. இந்த வார்டுல முக்கால்வாசிப் புள்ளைங்க இதே கதைதான்.”

அடுத்த கட்டிலில் தன்ஷிகா என்ற சிறுமி படுத்திருந்தாள். மகிழினியின் வயதே இருக்கும். அவள் தாய் பவித்ரா மாட்டுத்தாவணிச் சந்தையில் வெங்காயம் தரம் பிரிப்பவள். வந்த அன்றே ஆறிய காபியைப் பாதியாகப் பிரித்து ஜீவிதாவுக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள்.

“உங்க புள்ளைக்கு எத்தனைக்கா?”

“இருபத்திரண்டு.”

“எங்க மகராசிக்குப் பத்தொன்பது. எங்க மாமியா என்ன சொல்லுது தெரியுமா? பத்தொன்பது எண்ண வச்சுக்கிட்டு இப்படி வீங்கிக் கெடக்குன்னா, சந்தையில களவாண்டுதான் திங்குதாம். சந்தையில எதைக்கா களவாங்கும்? பச்சை வெங்காயத்தத் தின்னா ஊருல எவனாச்சும் குண்டாவானா?”

தன்ஷிகா களுக்கென்று சிரித்தாள். அதைக் கேட்டு மகிழினியும் சிரித்தாள். மகள் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று ஜீவிதா திகைத்தாள். அன்று மாலைக்குள் இரு சிறுமிகளும் ஒரே கட்டிலில் அமர்ந்து, வார்டில் நடமாடுகிறவர்களுக்கெல்லாம் எண் வைத்து விளையாடத் தொடங்கிவிட்டனர்.

“நீங்க எந்த ஊருக்கா?” என்றாள் பவித்ரா.

“திண்டுக்கல்.”

“திண்டுக்கல்ல எங்கிட்டு?”

வாழ்நாள் முழுவதும் வெறுத்த அந்தக் கேள்விக்கு ஜீவிதா தயங்கித் தயங்கிக் காலனியின் பெயரைச் சொன்னாள். பவித்ராவின் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம பக்கந்தான்! நீங்க படிச்சவுகளா இருக்கவும் நான் வேற மாதிரி நெனச்சுட்டேன். அந்தா அந்தக் கட்டில் இருக்கே, அதுவும் நம்ம ஆளுகதான், மேலூர்ப் பக்கம். அதுக்கு அங்கிட்டு உசிலம்பட்டிக்காரக, நம்ம ஆளுக இல்ல. ஆனா கல் உடைக்கிற சனம்.”

ஜீவிதா நிமிர்ந்து வார்டு முழுவதையும் பார்த்தாள். பிறகு அவள் எழுந்தாள். கட்டில் கட்டிலாகச் சென்று, தன்னை அவமதித்தவர்கள் கேட்ட அதே கேள்வியை, அதே குரலில், ஒவ்வொரு தாயிடமும் கேட்டாள். எந்த ஊரு? எங்கிட்டு? காலனி, சேரி, சூளை, குவாரி, மேற்கே தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. நடத்தைப் பருமன் என்று குறிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார் அனைவரும் ஏறத்தாழ ஒரே விதமான முகவரியைச் சொன்னார்கள். எண்கள் தெருவைக் கேட்பதில்லை என்று அவள் நம்பியிருந்தாள். அவை கேட்கவில்லைதான். கேட்காமலேயே தெரிந்து வைத்திருந்தன.

அடுத்த இரண்டு நாள்கள் அவள் நிறுவனத்திலேயே கிடந்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இயக்குநர் கதிரேசனின் அறைக்கதவைத் தட்டினாள். சன்னலுக்கு அப்பால் யானைமலை வெயிலில் படுத்திருந்தது. கதிரேசன் மென்மையானவர்; யாரையும் ஒருமையில் அதட்டி அறியாதவர். ஜீவிதாவை மட்டும் மகளைப் போலப் பாவித்து ‘வா, போ’ என்பார்.

“உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம் சார். அளவுகோல் தப்பு.”

“சொல்லு.”

“நாம எண்ணுக்குக் கணக்குப் போட்டது முப்பது வருஷத்துக்கு முன்னால எடுத்த நாலு இலட்சம் பேரை வச்சு. அன்னைக்குக் காலனி, சூளை, குவாரி சனம் ஒல்லியா இருந்தாங்க. ஏன் ஒல்லியா இருந்தாங்க? சோறு இல்ல, வேலை அதிகம். அவ்வளவுதான். ஆனா அந்த ஆளுங்க தலைமுறை தலைமுறையா அவங்களுக்குள்ளயே கட்டிக்கிட்டவங்க. நானே மாமன் மகனைத்தான் கட்டியிருக்கேன். வெளிய இருந்து ஆளு உள்ள வரல, உள்ள இருந்து ஆளு வெளிய போகல. அதனால அவங்க மரபுல சில சின்னச் சின்ன அடையாளம் எல்லாருக்கும் பொதுவாத் தங்கிருச்சு. அதுக்கும் எடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா நம்ம கணக்குக்கு அது எப்படித் தெரியும்? இந்த அடையாளம் இருக்கிறவன் எல்லாம் ஒல்லி, அப்ப இந்த அடையாளம்தான் ஒல்லியாக்குதுன்னு எழுதிக்கிச்சு.”

“ம்.”

“பசியைப் பாத்துட்டு இரத்தம்னு எழுதிருச்சு சார். இப்ப அந்த ஆளுங்க பேரப்பிள்ளைங்க ரேஷன் அரிசியும் பாக்கெட் நொறுக்கும் தின்னு எல்லாரையும் போலத்தான் இருக்கு. ஆனா எண்ணு மட்டும் தாத்தாவோட பட்டினியைச் சொல்லுது.”

மற்ற நாடுகளில் இப்பிழையைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. கணக்கைத் தொடங்குமுன் மக்களை இரத்த உறவின் நெருக்கத்தின்படி குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குக் குழு உள்ள வேறுபாட்டைக் கழித்துவிடுவார்கள். அளவுகோலை முதலில் ஆக்கியபோது இங்கும் அவ்வாறு பிரித்துப் பார்த்தனர். திரையில் விழுந்த குழுக்கள் ஊர் அறிந்த சாதிகளாகவே இருந்தன. கோடு போட்டு வெட்டியது போல அவ்வளவு துல்லியம். அப்போது எழுந்து, “இதை எடுத்துருவோம். நாம சாதிக் கணக்கு எடுக்க வரல,” என்று கூறியவள் ஜீவிதா. எல்லோரும் கைதட்டினர். ஒருவர் கண் கலங்கினார். சாதியைப் பார்க்க மாட்டோம் என்று நல்ல மனத்தோடு கண்ணை மூடிக்கொண்டவர்கள், அதனாலேயே அதைக் கணக்கின் அடிவயிற்றில் குடியேற்றினார்கள்.

“அன்னைக்குக் கைதட்டுனவங்கள்ல நானும் ஒருத்தன்,” என்றார் கதிரேசன். “அடுத்த வருஷமே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு.”

ஜீவிதா நிமிர்ந்தாள். “தெரியுமா சார் உங்களுக்கு?”

“திருத்திப் போட்டா என்ன ஆகும்னு பாத்தியா?”

“பாத்தேன். எல்லா எண்ணும் நடுவுல வந்து குவியுது. நாப்பத்தஞ்சு, அம்பது, அம்பத்தஞ்சு.”

“அப்ப அந்த எண்ணால யாருக்கு என்ன பிரயோசனம்?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார். அப்பா அம்மாவ நேர்ல பாத்தாலே அந்த அளவுக்குச் சொல்லிரலாம்.”

“திங்கக்கிழமை அளவுகோலைப் பத்தி விசாரிக்க வர்ற சட்டமன்றக் குழு முன்னால போய் இதைச் சொல்லப்போற.”

“ஆமா.”

“சொல்லு. நான் தடுக்க மாட்டேன். காப்பு வாங்குற வீட்டுக்காரங்க எல்லாம் ரோட்டுக்கு வருவாங்க. அவங்களுக்கு வக்கீல் இருக்கு, பத்திரிகை இருக்கு. விசாரணைக் குழு போடுவாங்க. அது ஒரு மூணு வருஷம் ஓடும். அதுவரைக்கும் பழைய எண்ணுதான் செல்லும்.” அவர் குரலில் மிரட்டல் இல்லை, வானிலை சொல்வது போல் சொன்னார். “பொண்ணு எப்படிம்மா இருக்கா?”

ஜீவிதா சன்னலுக்கு வெளியே யானைமலையைப் பார்த்தாள்.

“மறுபரிசோதனைன்னு ஒரு விதி இருக்கு. எண்ணுக்காக எடுத்த எச்சில் சாம்பிள் கெட்டுப்போயிருந்தா திரும்பப் பாத்துப் புது எண்ணு போடலாம். அது உன் பிரிவோட அதிகாரம். எங்கிட்ட கேக்கக்கூட வேண்டாம்.”

“அதே மாதிரி எல்லாப் புள்ளைங்களுக்கும் போட்டுட்டா?”

“ஒண்ணு ரெண்டுன்னா சாம்பிள் கெட்டுப்போச்சு. ஆயிரம்னா அளவுகோல் கெட்டுப்போச்சு.” கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அளவுகோல் சரின்னு சபையில சொல்றவ, ஒரு சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நம்புவாங்க. அளவுகோலே தப்புன்னு சொல்றவ தன் பொண்ணுக்கு மட்டும் எண்ண மாத்திக்கிட்டா, நம்ப மாட்டாங்க. ரெண்டுல ஒண்ணு.”

தன் இருக்கைக்குத் திரும்பிய ஜீவிதா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டிலிருந்து ஷாஹிதாவின் குறுஞ்செய்தி வந்தது: சர்க்கரை மீண்டும் ஏறியிருக்கிறது, சிறுநீரகத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. அதைப் படித்து முடித்ததும் அவள் மகளின் பெயரைத் திறந்தாள். எழுபத்தொன்று என்று போட்டாலே போதும். எண்பத்தொன்று என்று போட்டாள். பொய்யாயினும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்வது அவளது தொழிற்பழக்கம்.

சனிக்கிழமை காலையில் முதல் ஊசி போடப்பட்டது.

திங்கட்கிழமை, சென்னையிலிருந்து வந்த குழுவின் முன் ஜீவிதா நின்றாள். உறுப்பினர்களில் ஒருவர், குவாரிகள் நிறைந்த தொகுதியைச் சேர்ந்தவர், எழுதி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டு நேராகக் கேட்டார்: “ஏம்மா, எங்க பக்கத்துப் புள்ளைங்க எண்ணு எல்லாம் இருபது, பதினெட்டுன்னு இருக்கு. ஆனா புள்ளைங்க குண்டாகிக் கெடக்கு. அளவுகோல்ல ஏதும் கோளாறு இருக்குமா?”

“அளவுகோலில் பிழை இல்லை ஐயா.”

“அப்ப ஏன்?”

அவள் மேசைமீதிருந்த தண்ணீரைக் குடித்தாள். “நடத்தை,” என்றாள்.

உறுப்பினர் அவளையே பார்த்தார். பிறகு, எதையோ ஒப்புக்கொள்பவரைப் போலத் தலையை ஆட்டி, “நம்ம சனத்துக்கு வாயக் கட்டத் தெரியாதுதான்,” என்று அருகிலிருந்தவரிடம் முணுமுணுத்தார். அவர் சொன்னது கேலியாக இருந்திருந்தால் ஜீவிதாவால் தாங்கியிருக்க முடியும். அது வெட்கமாக இருந்தது.

மாலையில் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது அருள்செல்வன் கட்டிலோரத்தில் மகளின் தலையை வாரிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு ஒளியை அவள் கண்டு வெகுகாலமாகியிருந்தது.

“வாடி, அளவுகோல் அம்மா! சர்க்கரை பாதியா எறங்கிருச்சாம். நான் அன்னைக்கே சொன்னேன்ல, எம்புள்ள பொய் சொல்லாதுன்னு?”

“சொன்னீங்க மச்சான்.”

“இப்பயாச்சும் அந்த அலமாரிப் பூட்டக் கொண்டுபோய் வைகையில போடு,” என்று கூறிவிட்டு, தேநீர் வாங்கக் குவளையோடு கீழே போனான்.

மகிழினியின் மணிக்கட்டில் பச்சைப் பட்டை ஏறியிருந்தது. அவள் அடிக்கொருதரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காப்பு மாணவருக்கான மாலை உணவு வந்தது: கேழ்வரகு இட்லி, முட்டை, பாசிப்பயறு, கெட்டித் தயிர். பல வாரங்களுக்குப் பிறகு அவள் அச்சமின்றி உண்பதை ஜீவிதா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு காட்சிக்காகவே எல்லாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது உண்மையாகவே தோன்றியது.

“அம்மா, அப்ப என்மேல தப்பே இல்லைல்ல?”

“இல்ல கண்ணு. ஒரு தப்பும் இல்ல.”

“எனக்கு இருக்கிறது வியாதிதான?”

“ஆமா.”

மகிழினியின் கண்கள் நிறைந்தன. அழுகை அன்று; பாரம் இறங்கியவர்களின் கண்ணீர் அது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மீண்டும் உண்ணத் தொடங்கினாள்.

அடுத்த கட்டிலிலிருந்து பவித்ரா எழுந்து வந்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“அக்கா, நீங்க அந்த ஆபீசுலதான் வேலையாம்ல? டாக்டரம்மா சொன்னாக. உங்க புள்ளைக்கு எச்சி கெட்டுப்போச்சுன்னு திருப்பிப் பாத்தாகளாமே. எங்க புள்ளைக்கும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்களேன். பத்தொன்பதுக்கு இந்த ஒடம்பு நாயமே இல்லக்கா. தெனம் மாமியா வாயில விழுந்து எந்திரிக்கிறேன்.”

தன்ஷிகா போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜீவிதாவைப் பார்த்தாள்.

ஒண்ணு ரெண்டுன்னா சாம்பிள் கெட்டுப்போச்சு. இந்த ஒன்று, ரெண்டாகலாம். ரெண்டானால் அந்தக் கட்டிலோரத்துத் தாய் மூன்றாவதைக் கேட்பாள். அதற்கு அப்பால் இருப்பவள் நான்காவதை. வார்டு முழுவதும் கட்டில்கள். அன்று காலையில்தான் சபையில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“பாத்தேன் பவித்ரா,” என்றாள் ஜீவிதா. “அவளோடது சரியாத்தான் இருக்கு.”

பவித்ராவின் விரலில் சுற்றிய தலைப்பு தானாக அவிழ்ந்தது. “சரியாத்தான் இருக்கா,” என்று திருப்பிச் சொன்னாள். படித்தவர்கள், அதிலும் தன் பக்கத்து ஆள், பார்த்துவிட்டுச் சொல்கிறபோது அதற்கு மேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் கழித்து, மகளின் தொடையில் யாருக்கும் தெரியாமல் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். தன்ஷிகா கத்தவில்லை.

மகிழினி இட்லியைப் பிட்ட கையை நிறுத்தியிருந்தாள். தாயின் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

“அப்ப தன்ஷி எங்கிட்டயே பொய் சொல்லியிருக்காம்மா.”

“என்னது?”

“திருடித் திங்கலைன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. நான் நம்பிட்டேன். சீ.”

ஜீவிதா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் அந்தப் பச்சைப் பட்டை அறுந்து விழும். மகளின் முகத்தில் இப்போது இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. பள்ளித் தாழ்வாரத்தில் அதை ஒரு பையனின் முகத்தில் பார்த்திருக்கிறாள். வாடகை வீட்டு வாசல்களில் பெரியவர்களின் முகத்திலும் பார்த்திருக்கிறாள்.

“சாப்பிடு,” என்றாள்.

மகிழினி தட்டை மடிக்கு அருகே இழுத்துக்கொண்டாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, அந்தத் திரைய இழுத்து விடேன். அவ என் தட்டையே பாத்துக்கிட்டு இருக்கா.”

ஜீவிதா எழுந்தாள். இரு கட்டில்களுக்கும் இடையே சுவரோரமாகச் சுருண்டு கிடந்த பச்சைத் துணியைப் பற்றினாள். தன்ஷிகா தட்டைப் பார்க்கவில்லை, மகிழினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் வளையங்கள் பாதி வழியில் சிக்கின. ஜீவிதா கையை இன்னும் சற்று உயர்த்தி, மறுபடியும் இழுத்தாள்.